முகம் எடுக்கிற பெண்

எங்கள் தெருவில் வாய்ச்சாமர்த்தியத்துக்குப் போட்டி வைத்தால் பரிதிக்குத்தான் முதல் பரிசு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ஊரார் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். இப்போது அவள் அப்பா வீரையன் சொந்தமாக மூன்று மா நிலத்தில் குறுவை போடுகிறார். மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு விமான நிலையத்தில் வேலை பார்க்கிறாள். "ஏண்டி, ஏரோப்ளேனு ஓட்டுறியா?" என்று நான் கேலி செய்வேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

அவள் வேலை முகம் எடுப்பது. விமான நிலைய வாசலில் டேப்லெட்டும் கையுமாக நிற்பாள். பயணியின் டிக்கெட், ஆதார், போன் நம்பர் எல்லாம் வாங்கிப் பதிந்து, கடைசியில் முகத்தைப் படம் எடுப்பாள். அதன்பின் கேட்டில் கேமராவைப் பார்த்தாலே கதவு திறந்துவிடும். பிடிக்காதவர்கள் பழையபடி அடையாள அட்டையைக் காட்டி வரிசையில் போகலாம். இதைப் பயணிகளிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. "சொன்னா எவன் நிப்பான்?" என்பார் அவளுடைய சூப்பர்வைசர் பிரபு. அவளும் சொல்வதில்லை.

சொல்லும் தேவையும் வரவில்லை. பேராவூரணிப் பக்கமிருந்து வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். சிங்கப்பூர் போகிறவன் ஒருத்தன், அழுகிறவர்கள் பதினைந்து பேர். முகம் எடுக்கிறார்கள் என்றதும் அவன் கண்ணைத் துடைத்து, தலையைச் சீவிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்பான். "என்னையும் ஒண்ணு எடு தாயி" என்று கேட்கிற அம்மாக்களும் உண்டு. வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. பரிதிக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஒரு பெண் தனியாக வந்தாள். வழியனுப்ப ஒரு ஆள் இல்லை, கையில் ஒரே ஒரு பை, முகத்தைச் சுற்றித் துப்பட்டா.

"இது கட்டாயமாங்க?"

"எல்லாரும் எடுத்துக்குறாங்கக்கா. வரிசையப் பாருங்க, எம்மாம் நீளம்."

அந்தப் பெண் வரிசையைப் பார்த்தாள். வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை இறக்கினாள். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. "என்னக்கா ஆச்சு?" என்றதற்கு "விழுந்துட்டேன்" என்றாள். பரிதி தயங்கினாள். டேப்லெட் தயங்கவில்லை. ஆதாரில் இருக்கும் பூமிகா இவள்தான் என்று பச்சை காட்டியது.

மூன்றாம் நாள் பூமிகாவின் புருஷன் வந்தான். ஜெயபால் என்று பேர், கடலோர ஊரில் படகு வேலை. வெளுத்த சட்டை, கையில் ஒரு பொட்டலம் இனிப்பு. பிரபு முன்னால் நின்று சத்தம் வராமல் அழுதான். "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா சார். ஏர்போர்ட் பஸ்ஸுல ஏறுனத பாத்தவங்க சொன்னாங்க. எங்க போனான்னு மட்டும் தெரிஞ்சா போதும் சார்." பையிலிருந்து கல்யாண போட்டோவை எடுத்து வைத்தான்.

பிரபு கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பிரிந்து நிற்கிற புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து வைப்பதென்றால் எங்கள் ஆட்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். என்ன நடந்தது என்று கேட்கமாட்டார்கள், சேர்த்து வைப்பார்கள்.

"பரிதி, அந்த டேப்ப குடும்மா."

"சார், எடுத்ததெல்லாம் அன்னிக்கே அழிஞ்சுடும்னுதான சொல்றோம்?"

"சொல்றோம்" என்றார் பிரபு. போட்டோவை கேமராவுக்கு நேரே பிடித்தார்.

மாலையும் நெற்றிச்சுட்டியும் அப்பிய பவுடருமாகச் சிரிக்கிற முகம். என் கல்யாண போட்டோவைக் காட்டினால் என் பிள்ளைகளே யாரிது என்று கேட்பார்கள். இயந்திரம் கேட்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே வீங்கிய முகத்தைக் கொண்டுவந்து வைத்தது. கீழே ஹைதராபாத் என்று இருந்தது, போன் நம்பரும் இருந்தது.

"சார், அந்த முகத்தப் பாருங்க சார்" என்றாள் பரிதி.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். குறுக்க பேசாத."

ஜெயபால் முகத்தைப் பார்க்கவில்லை. நம்பரைப் பார்த்தான், வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு கண்ணைத் துடைத்து இனிப்பை நீட்டினான். பரிதி வாங்கவில்லை.

அவன் போனதும் அவளும் அதே டேப்லெட்டைத் திறந்து, அதே நம்பரை எடுத்து, கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிப் போய் போன் போட்டாள்.

"அக்கா, நான் ஏர்போர்ட்ல உங்கள போட்டோ எடுத்த பொண்ணு. உங்க வீட்டுக்காரரு..."

"இது புது நம்பரு. எங்கம்மாவுக்குக்கூடக் குடுக்கல. ஒனக்கு எப்படிக் கெடச்சுது? அவரு ஒம் பக்கத்துல நிக்கிறாரா?"

"ஐயோ இல்லக்கா, கேளுங்க..."

போன் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பரிதி எனக்குப் போன் செய்து அழுதாள். பெண்கள் உதவி எண்ணுக்குச் சொல்லச் சொன்னேன். ஹைதராபாத்தில் எங்கே என்று அவர்கள் முகவரி கேட்டார்கள். இவளிடம் இருந்ததோ ஒரு முகமும் அணைந்துபோன ஒரு நம்பரும்தான்.

மறுநாள் காலை விமான நிலைய வாசலில் ஜெயபால் நின்றான். அதே சட்டை, தோளில் சின்னப் பை. எங்கே போகிறான் என்று கேட்க வேண்டியதே இல்லை.

"நல்லா இருக்கியா தங்கச்சி? நேத்து நீங்க பண்ணுன உதவிய மறக்க மாட்டேன்."

இவன் முகமாவது பதிவில் இருக்கட்டும், நாளைக்கு ஒன்று ஆனால் இவன் போனதற்குச் சாட்சியாக நிற்கட்டும் என்று பரிதி டேப்லெட்டைத் தூக்கினாள். "முகத்தக் காட்டுங்கண்ணே."

"கட்டாயமா?"

எத்தனையோ பேரிடம் மழுப்பியவளுக்கு அவனிடம் மழுப்ப வரவில்லை. பதில் வராததையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

"அப்ப வேணாம்மா. நம்ம மூஞ்சிய எதுக்குக் கண்டவங்க கையில குடுக்கணும்?"

சிரித்தபடி வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவளிடம் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவன்தான். வரிசை அன்றைக்கும் நீளமாகத்தான் இருந்தது. அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு அடியாக நகர்ந்து அவன் உள்ளே போனான்.