சித்தி அழித்த எண்கள்

வானத்து நட்சத்திரங்களை எண்ணும் வேலையை என் சித்தியிடம் கொடுத்திருந்தால், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்து, அதில் எத்தனை பழுது, எது எப்போது அணையும் என்பதுவரை சொல்லிவிட்டுக் கை கழுவப் போயிருப்பாள். கடவுளுக்குச் சித்தியைத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போதைக்கு அவள் எண்ணுவது ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஓடும் தகவலை. மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஹப் பெட்டிகள். கட்டடத்தின் எல்லா வயரும் அங்கேதான் வந்து சேரும். எந்த வயரில் எவ்வளவு தகவல் வந்தது, அதில் எவ்வளவு உடைந்து பழுதாக வந்தது என்று பெட்டிகள் எண்ணிக்கொண்டே இருக்கும். சித்தி அதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராததால், நான் அதே கம்பெனியில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன்.

முன்பெல்லாம் காலையில் வந்ததும் சித்தி எல்லா எண்களையும் அழித்துப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் உட்காருவாள். "மூஞ்சி கழுவாம யாராவது நாளை ஆரம்பிப்பாங்களா?" என்பாள்.

நான் சேர்வதற்கு முன்பு, ஒரு சாயங்காலம் பில் போடும் கம்ப்யூட்டர்களெல்லாம் திணறின. மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் சித்தி எண்களை அழித்த கையோடு மேனேஜர் வந்து நின்றார்.

"எந்த லைன்ல கோளாறும்மா? உங்க திரையில தெரியுமே?"

திரை முழுக்கப் பூஜ்யம். 'அழித்துவிட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணும் தெரியல சார்" என்றாள்.

"அப்ப புதுசா வயர் போட்டானே, அவன் வேலைதான்."

அந்த வயர்க்காரரும் சித்தியும் படிக்கட்டுக்கடியில் டீ குடித்துக்கொண்டே பாதி உலகத்தைத் திட்டித் தீர்த்தவர்கள். "என் வயர்ல பழுது வந்தா காதை அறுத்துக் குடுக்கறேன்க்கா" என்பாராம் அவர். "உன் காதை வெச்சு நான் என்ன பண்ண? அதுலயும் பாதிதான் கேக்குது" என்பாளாம் சித்தி. அன்றைக்கு அவர், "நீங்களாவது சொல்லுங்கக்கா" என்று நின்றபோது சித்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தோடு அவர் வேலை போயிற்று.

இரண்டொரு நாளில் கணக்கு அறையின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து பழுது மளமளவென்று ஏறியது. அந்த மெஷின்தான் செத்துக்கொண்டிருந்தது. வயரில் ஒரு குறையும் இல்லை. சித்தி ஓடிப்போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "போனவன் போகட்டும்மா, வேற ஆள் வெச்சாச்சு" என்றார் அவர். வயர்க்காரரிடம் மட்டும் அவள் இன்றுவரை சொல்லவில்லை. தெரு முனையில் அவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் என்பதால் சித்தி வேலைக்குச் சுற்றுவழியில் வருகிறாள். எண்களை இப்போது அழிப்பதே இல்லை. அவை ஊதிப் பெருத்துக் கிடக்கின்றன. நேற்றையதைக் கழித்துத்தான் இன்றையதைத் தெரிந்துகொள்கிறாள்.

இதையெல்லாம் என் அம்மாவிடம் அவள் அழுதுகொண்டே சொன்னபோது நான் பக்கத்தில் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று புது வயர்க்காரர் லீவு. சித்தி முன்னால் போய்ப் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"லேபிள் ரூம் வயர் போச்சு சித்தி. அது பழையவர் போட்டதுதானே? அவரையே கூப்பிட்டா..."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வயர் கெட்டா பழுது கொஞ்சம் கொஞ்சமா ஏறும்டா வாலு. இதுல ஒரு பழுதுகூட இல்ல. நல்லா ஓடிட்டிருந்தது, டக்குனு நின்னிருக்கு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"இதுக்குன்னு அவரைக் கூப்பிட்டா, அவர் வயர்மேல நான் ரெண்டாவது தடவையும் பழி போட்ட மாதிரி ஆயிடும்." பிறகுதான் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போ, போய் வயரைச் சொருகு. மேஜைக்கு அடியில தவழ்ந்தியே, முட்டியெல்லாம் தூசி பாரு."