பால் திரைந்ததால் தப்பினோம்

பேர்லின் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்சாரக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு சனிக்கிழமை, அதை அகற்றும் அமில மருந்தைத் தண்ணீரில் கலந்து கேத்தலில் ஊறவிட்டுக் குளிக்கப் போனேன். கணவரிடம் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து மேல்மாடி அக்கா வந்திருக்கிறார். வந்தவரைத் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கேத்தலில் தண்ணீர் இருப்பதைப் பார்த்த கணவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். பால் விட்டதும் தேத்தண்ணீர் திரைந்துபோனது.

நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது, முதல் நாள்தான் வாங்கிய பாலைக் கணவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பால் பழுதாப் போச்சு அக்கா. பால் விடாம பிளேன்ரீ ஊத்தியிருக்கிறன், குடியுங்கோ."

"ஓம் தம்பி, அதுவும் நல்லதுதான்."

அக்கா கோப்பையை வாயருகே கொண்டுபோய்விட்டார்.

"ஐயோ, குடியாதேங்கோ அக்கா!" என்று கத்தினேன்.

இப்போதெல்லாம் மருந்து ஊறி முடியும்வரை கேத்தலின் மின்சார அடித்தட்டைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டிவிடுகிறேன். அக்கா இன்னும் வருகிறார். எங்கள் வீட்டில் மட்டும் பால் தேத்தண்ணீர்தான் கேட்பார். பால் விட்ட பிறகு கோப்பையைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.