ஒரே வெயிலில் காய்ந்த நெல்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. மூத்த மகள் நான் அவரைப் பற்றி எழுத வேண்டும், நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்றார் அம்மா. நல்லதைத்தான் எழுதுகிறேன். யாருக்காவது சுருக்கென்று தைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நல்லம்பள்ளிப் பக்கம் மழையை நம்பிய மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. இளமையிலேயே தந்தையை இழந்து, மூட்டை தூக்கித் தம்பியைப் படிக்கவைத்து, பிறகு சின்னதாக ஓர் அரிசி மில் வைத்தார். யார் நெல் கொண்டுவந்தாலும் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். ஈரம் தெரிந்தால், "இன்னும் காயணுங்க, இப்பப் போட்டா நசுங்கிப் போயிருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவித்த நெல்லுக்கு இன்னொரு பக்குவம் உண்டு. பாதி காய்ந்ததும் குவித்து மூடி ஆறவிட்டு, மறுபடி பரப்ப வேண்டும். ஒரே வெயிலில் காயவிட்டால் உள்ளே விரிசல் விட்டு, மில்லில் நொய்யாக உடைந்துவிடும்.

மில்லில் நெல் காயவைக்கும் களத்தைப் பார்த்துக்கொண்டவர் அந்தத் தம்பி, என் சித்தப்பா. ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அவித்த நெல்லைப் பரப்பிவிட்டு, கூட்டாளிகளோடு ஒகேனக்கல்லுக்கு மீன் சாப்பிடப் போய்விட்டார். நெல் சாயங்காலம்வரை வெயிலிலேயே கிடந்தது. மறுநாள், "ஆறவெச்சுத்தான் காயவெச்சேண்ணா" என்றார். அந்த நெல்லை மட்டும் அப்பா கடித்துப் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவன் காயவைத்ததைச் சோதிக்க அவருக்கு மனம் வராது.

அரைத்ததில் பாதிக்கு மேல் நொய்; கல்யாணத்துக்கு வேறு அரிசி தேட நேரமில்லை. பந்தியில் சோறு கூழாகக் குழைந்துவிட்டது. பெண் வீட்டார் மில்லுக்கு வந்து கேட்டபோது, அத்தனை பேர் முன்னால் சித்தப்பா, "அண்ணன் மிஷினை டைட்டா வெச்சுட்டாருங்க. நான் சொன்னா எங்க கேக்கறாரு?" என்றார். அட, வாய் கூசவில்லையே! அப்பா தம்பியை ஒருமுறை பார்த்தார். "தப்பு என்னுதுதாங்க" என்றார்.

அதன்பின் நெல் வரவில்லை, மில்லைப் பூட்டினோம். களத்துக்கு எதிர் வீட்டு அத்தை பிறகுதான் நடந்ததை என்னிடம் சொன்னார். அப்பாவிடம் ஓடினேன். உடைந்த அரிசியைக் கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். "வெளிய சொல்லாத சாமி. அவனுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்றார்.

நோயில் படுக்கையில் கிடந்த மாதங்களிலாவது தம்பி உண்மையைச் சொல்வான் என்று அப்பா காத்திருந்தார். சித்தப்பா வந்தார், ஆப்பிள் வைத்தார், மழையைப் பற்றிப் பேசினார், போனார்.

அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டு அண்ணன்களுக்கும், கஞ்சிக்கு வத்தல்மலையிலிருந்து சாமை கொண்டுவந்து கொடுத்த நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கருமாதிச் சோற்றுக்குச் சித்தப்பாவும் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியது நான்தான். அப்பா இருந்தால் வாங்கியிருப்பார் என்று அம்மா இன்னும் திட்டுகிறார். வாங்கியிருப்பார்தான். நான் வாங்க மாட்டேன்.