ஒற்றைக் காதுப் படகுக்கடைக்காரன்

கல்யாணமான நாள் தொட்டு வெல்டருக்கு மைத்துனன்மேல் ஒரே மனத்தாங்கல்: பயல் தன்னிடம் ஒற்றைக் காதால்தான் பேசுகிறான். மற்ற காதும் தோளும் போனுக்குச் சொந்தம். போனை இடுக்கி இடுக்கிக் கழுத்தே வலது பக்கம் சாய்ந்துவிட்டது. போன் இல்லாதபோதும் அடுத்த வீட்டுச் சங்கதியை ஒட்டுக்கேட்கிறவன் போலத்தான் நடப்பான்.

அவன் கடையில் விற்பது காட்டாற்றில் ஓட்டும் கயாக் படகு. ஆள் இடுப்புவரை உள்ளே நுழைந்து உட்கார வேண்டும். கவிழ்ந்தால் வெளியே வராமல், இடுப்பைச் சுண்டிப் படகோடு திரும்பி நிமிர வேண்டும். வெல்டருக்கு அது கைவரவே இல்லை. ஞாயிறுதோறும் இரவல் படகில் கவிழ்வார். மகள் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வருவாள். கரையே வேடிக்கை பார்க்கும். இந்த ஞாயிறும் தானாக எழாவிட்டால் இனிமேல் பைகளுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

சொந்தப் படகு வாங்க மைத்துனன் கடைக்கு வந்த வெல்டர் நேரே ஒரு சிவப்புப் படகின் அருகே போனார். கத்தி போன்ற விளிம்பு, பார்க்கவே மிடுக்கு. மைத்துனன் போனில் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டே, காலால் ஒரு பழைய மெத்தையைத் தள்ளி விரித்தான். யார் வந்தாலும் இந்தச் சோதனை உண்டு. அவரை உட்காரவைத்துப் படகைப் பக்கவாட்டில் சாய்த்தான். சாக்கு அவிழ்ந்த உருளைக்கிழங்காய் வெல்டர் வெளியே கொட்டினார்.

“உங்களுக்கு இது தொளதொளன்னு இருக்கு மாமா. விளிம்பு வேற உருளவிடாம தடுக்கும்.”

மூலையில் கிடந்த மஞ்சள் படகை இழுத்து வந்தான். உருண்டை வயிறு, மொண்ணை மூக்கு.

“கொழந்தைய குளிப்பாட்டற தொட்டிடா இது.”

“தொட்டிதான் உருளும். ஏறுங்க.”

இடுப்பின் இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சைத் திணித்துச் சாய்த்தான். இம்முறை அவர் கொட்டவில்லை. படகும் அவரும் ஒட்டிக் கிடந்தார்கள். இடுப்பைச் சுண்டினார். படகு பாதி எழுந்தது. அதற்குள் தலை முந்திக்கொண்டு கிளம்ப, எல்லாம் பொத்தென்று மெத்தைக்கே வந்தது.

“தலை கடைசியா வரணும் மாமா.”

மறுபடி சுண்டினார். மறுபடியும் தலைக்குத்தான் அவசரம். அதற்குள் போன் அடித்தது. “ஆமாக்கா, இங்கதான் கிடக்கறாரு,” என்றான் மைத்துனன்.

பேசிக்கொண்டே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போனைத் தோளிலிருந்து உருவினான். கழுத்து மட்டும் சாய்ந்தபடியே நின்றது. குனிந்து, கிடந்தவரின் காதுக்கும் தோளுக்கும் நடுவில் அதைச் செருகினான்.

“அக்கா லைன்ல இருக்கா. போனைக் கீழ விட்டுடாம, தலையச் சாய்ச்சபடியே பேசிக்கிட்டு எழுந்திரிங்க மாமா.”