வெயிலில் வைத்த பேட்டரி

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். ஒற்று எங்கே வரும், பெரிய றகரம் எங்கே வரும் என்று இன்றும் தடுமாறுவேன். பிழை இருந்தாலும் விஷயம் புரியும் என்று நம்புகிறேன்.

அரூரில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை எனக்கு. ஆட்களிடம் பேச வராது. எரிந்த மோட்டாரை இறக்கிவிட்டுப் போகிறவர்களிடம் தலையாட்டுவதோடு சரி. பழக்கம் என்று சொன்னால் பக்கத்து இரும்புக் கடை பாய் ஒருவர்தான். அவருடைய தம்பி சவுதியில் வேலையில் இருந்தார். ஊருக்கு வந்த ஒருவர் மூலம் அவர் ஒரு ரிமோட் லாரி கொடுத்தனுப்பினார். வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று வந்தது. பாய் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வற்றிக் கிடந்த ஏரிக்குப் புறப்படுவார். நானும் கூடப் போவேன்.

லாரியை ஏரிக்கரை மேல் ஏற்றிவிட வேண்டும் என்பது பாயின் ஆசை. சக்கரம் மண்ணில் சுற்றியதே தவிர ஏறவில்லை. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி டயருக்கு மேல் மாட்டினேன். பல்சக்கரங்களுக்கு கிரீஸ் வைத்தேன். மண் ஒட்டிக்கொண்டது. கழுவிவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் சத்தம் குறைந்தது. முன்பக்கம் தொய்ந்திருந்த இடத்தில் பேனா ஸ்பிரிங் இரண்டு வைத்தேன். நாலாவது வாரம் முக்கால் கரை ஏறியது.

அது சித்திரை மாதம். ஊர் முழுக்கக் கிணற்று மோட்டார் ஓடுவதால் லோ வோல்டேஜ். இரவெல்லாம் போட்டும் லாரியின் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறவில்லை. எங்கள் வீட்டில் ரேடியோ செல் தீர்ந்தால் வெயிலில் காயவைப்போம். இன்னும் இரண்டு நாள் பாடும். அதே யோசனையில் பாயின் பேட்டரியைப் பட்டறையின் தகரக் கூரைமேல் வைத்தேன். மாலையில் எடுத்தபோது மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் சுருங்கி, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்து, டேப் சுற்றிக் கொடுத்துவிட்டேன். வெயிலில் வைத்ததைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி பத்தடி போய் நின்றது. பிறகு அசையவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பாயே முடிவு சொல்லிவிட்டார்.

"எரிஞ்ச மோட்டாரே உங்க கையில ஓடுதுங்க. இது ஓடலன்னா சாமான் மோசம்."

அண்ணனும் தம்பியும் கடிதம் எழுதுவதில்லை, கேசட்டில் பேசி அனுப்பிக்கொள்வார்கள். ஓவர்டைம் பார்த்து வாங்கிய லாரி, நன்றாக ஓடுகிறதா என்று தம்பி போன கேசட்டில் கேட்டிருந்தார். பாய் பதில் பதிவு செய்யும்போது என்னையும் கடைக்குக் கூப்பிட்டார். டேப் ரெக்கார்டரில் பட்டனை அழுத்தித் திட்ட ஆரம்பித்தார். வெளிநாட்டில் இத்தனை வருடம் இருந்தும் டூப்ளிகேட் எது, அசல் எது என்று தெரியவில்லையா, எவனோ உன் தலையில் கட்டிவிட்டான், நீயும் வாங்கி அனுப்பியிருக்கிறாய் என்று நெடுநேரம். பிறகு, "இரு, மெக்கானிக்கே சொல்றாரு, கேளு" என்று ரெக்கார்டரை என் பக்கம் தள்ளினார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே சேலம் பஸ் ஹாரன் அடித்துப் போனது. அதுவும் பதிவாகியிருக்கும். முகம் பார்த்திராத ஒருவர் அங்கே இதைக் கேட்டுத் தலைகுனிவாரே என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் பாய் இனி என்னைக் கூப்பிடுவாரா என்பதும் தெரியவில்லை.

"சாமான் நல்ல சாமான்தாங்க. நான்தான் ரேடியோ செல்லுன்னு நெனச்சு வெயில்ல வெச்சிட்டேங்க. பாய்க்குத் தெரியாது."

பாய் பட்டனை அணைக்கவில்லை. பிறகு ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்தார்.

"கேட்டுக்கிட்டியாடா? இதுவரைக்கும் திட்டனதெல்லாம் உனக்கில்ல. இவருக்கு."

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமை அவர் என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை துணிப்பையோடு பட்டறை வாசலில் நின்றார். உள்ளே லாரியும் புது டார்ச் செல் ஐந்தும் இருந்தன.

"இதுல ஓடுமாங்க?" என்றார்.

ஒயர் வைத்துக் கட்டினால் ஓடும் என்றேன். செல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, லாரியின் பின்தொட்டியில் சரக்குப் போலக் கட்டினேன். பாரத்தோடு பாதிக் கரை ஏறி நின்றது. அதற்குமேல் அன்று முடியவில்லை.

எழுதி முடித்தது: 12.2.1989, ஞாயிறு.