எண்ணெய் தேய்த்தவன் ஏறக்கூடாது

தென்காசியில் அப்துல் ஜப்பார் என்று விசாரித்தால் நாலு பேர் நாலு ஜப்பாரைக் காட்டுவார்கள். சாரம் ஜப்பார் என்று விசாரித்தால் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். கட்டட வேலை எடுத்துச் செய்கிற காண்டிராக்டர். ஆள் வாட்டசாட்டம், வயிறும் அதற்குத் தக்கபடி. தினமும் காலையில் சாரத்தில் முதலில் ஏறுவது அவர்தான். கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேல் பலகையில் நின்று இரண்டு தரம் மிதித்துப் பார்ப்பார். பலகை ஆடினாலோ, கட்டு நெகிழ்ந்தாலோ, அதைச் சரிசெய்கிற வரைக்கும் வேறு யாரும் ஏறக்கூடாது. “என்னையத் தாங்குனா ஊரையே தாங்கும்லே” என்பார். சொல்லும்போது பெருமையாக வயிற்றையும் தடவிக்கொள்வார்.

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் உட்கார மனசில்லாமல் கட்டட வேலைக்கு வந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய காண்டிராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தார். அப்போது ஒரு ஜவுளிக்கடைக்கு மாடி எடுத்தார்கள். தங்கசாமி என்கிற கொத்தனார் சாரப் பலகையின் நுனியில் கால் வைத்தார். மறுநுனி எழும்பிக்கொண்டது. ஆள் தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்துபோயிற்று.

கூடி நின்ற கூட்டம் “பாத்து நிக்கக் கூடாதா?” என்று விழுந்தவரையே வைதது. அடிபட்டுக் கிடப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்னே புத்தி சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? காண்டிராக்டரும் தன் பங்குக்குக் “கவனமில்லாத பய” என்றார். ஜப்பார் அண்ணாந்து பார்த்தார். பலகையின் மறுநுனியில் கயிறே இல்லை.

“பலகையக் கட்டாமப் போட்டது நாமதான அண்ணாச்சி” என்றார், எல்லார் முன்னாலும்.

அன்றோடு அவருக்கு அந்த வேலை போயிற்று.

போனால் போகிறது என்று சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கினார். முதலில் சேர்த்துக்கொண்ட ஆள் தங்கசாமிதான். பாவம், அவரால் இனி மேலே ஏற முடியாது. கோல் ஊன்றித்தான் நடந்தார். கயிறு, கட்டு, கம்பு மூன்றையும் சோதித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. “இனிமே என் சாரத்துல இருந்து ஒரு உசிரு விழக்கூடாது” என்று ஜப்பார் வீட்டில் சொன்னார்.

“விழாம இருக்கது அல்லா கையில” என்றாள் மனைவி ஹாஜரா பீவி.

“கயிறு என் கையிலதான இருக்கு?” என்றார் அவர்.

அப்படித்தான் வேலை நடந்தது. நனைந்த கயிறு வெயிலில் காய்ந்தால் தளரும் என்று மழை விட்ட பிறகெல்லாம் கட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்வார். சாரத்தின் வெளிப்பக்கம் இடுப்பு உயரத்தில் நீளக் கம்பு ஒன்றைத் தடுப்பாகக் கட்டுவார். அவருடைய ஆட்களிலேயே கெட்டிக்காரக் கொத்தனாரான மாடனுக்கு அந்தத் தடுப்பைக் கண்டாலே ஆகாது.

“நான் என்ன மொதலாளி, நட பழகுத புள்ளையா?” என்பான்.

“நட பழகுத புள்ள விழுந்தா அழும். நீ விழுந்தா செம்பகவல்லில்லா அழுவா” என்பார் ஜப்பார். செண்பகவல்லி மாடனின் மனைவி. அதே வேலையில் சித்தாளாகச் சாந்து சுமக்கிறவள். அவள் சிரித்துக்கொண்டே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அறுபதுகளில் ஒரு வருஷம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் வேலை வந்தது. சுரண்டையில் வத்தல் வியாபாரம் பார்க்கிற ஆதித்தன் கட்டுகிற மாடிக் கட்டடம். ஆனி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். சீசனுக்கு மெட்ராஸ்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள்.

வேலை பாதி ஏறியிருந்தபோதே மலையில் மழை இறங்கி, அருவியில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் வழக்கம்போல ஜப்பார் ஏறினார். மேல் பலகையில் கால் வைத்ததும் சர்ரென்று ஓர் இழுப்பு. தடுப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பலகையில் பாதம் பாதமாக எண்ணெய்த் தடம். முந்தின நாள் சனிக்கிழமை. ஆட்கள் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, அருவியில் நின்றுவிட்டு, நேரே வந்து சாரத்தில் ஏறியிருக்கிறார்கள். அருவித் தண்ணீர் அடித்த அடியில் எண்ணெயெல்லாம் போய்விட்டதாக அவர்கள் நினைப்பு. தலையில் போயிருக்கும், குதிகாலில் போகவில்லை. போதாததற்கு எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு கண்ணைச் சொக்குகிற உறக்கம் வேறு.

“எண்ண தேச்சவன் ஏறக்கூடாது” என்றார்.

“குத்தாலத்துல வேலை பாத்துக்கிட்டு அருவிக்குப் போவாண்டாங்கேளா?” என்று மாடன் எகிறினான்.

“யாருலே போவாண்டாம்னா? தேயி, நல்லாக் குளி. அன்னைக்குத் தரையில வேலை. கூலியில ஒண்ணும் கொறையாது.”

ஆண்கள் எண்ணெய் தேய்ப்பது புதனும் சனியும். பெண்கள் செவ்வாயும் வெள்ளியும். இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட ஆதித்தன் சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

“செவ்வா வெள்ளி பொம்பளையாளு ஏற மாட்டாவ. புதன் சனி ஆம்பளையாளு ஏற மாட்டான். பொறவு எப்பதான்வே கெட்டடம் ஏறும்?”

“அதுபாட்டுக்கு ஏறும் அண்ணாச்சி. பொம்பளையாளு தரையில நிக்குத அன்னைக்குக் கப்பி போட்டுச் சாந்த இழுத்துக்கிடுவோம். ஆம்பளையாளு தரையில நிக்குத அன்னைக்குக் கீழ் ரூமெல்லாம் பூச்சு நடக்கும்.”

“ஆனிக்குள்ள முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்.”

“தாராளமாப் பாருங்க. சாரம் என்னுது, அவுத்துக்கிட்டுப் போயிருவேன்” என்றார் ஜப்பார். குரலில் கோபம் இல்லை. ஆதித்தன் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சொன்னபடியே கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கப்பி ஒன்று சாரத்தின் தலையில் ஏறியது. செண்பகவல்லிக்கு அதில் ஏக சந்தோஷம். கழுத்து வலி இல்லாமல் வீட்டுக்குப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னாள்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை ஜப்பார் கதவுக்கு மரம் எடுக்கச் செங்கோட்டைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆதித்தன் வந்தார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு மூலை மட்டும் பாக்கி. மாடன் அப்போதுதான் அருவியிலிருந்து தலை சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

“அந்த ஒரு மூலைதானடே. நீ கைய வச்சா எம்புட்டு நேரம் ஆவும்?” என்றார் ஆதித்தன்.

வீட்டுக்காரர் வாய்விட்டுக் கேட்கிறார். கெட்டிக்காரன் என்கிற பேர் வேறு இருக்கிறது. மாடன் சாரத்து ஏணியில் ஏறிவிட்டான். தங்கசாமி கோலை உயர்த்திக் கத்தியதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மரம் ஏற்றிய வண்டி தெரு திரும்பியபோது ஜப்பாரின் கண் பழக்கத்தில் மேலே போனது. சாரல் விழுந்து பலகை நனைந்திருந்தது. மாடனின் கால் வழுக்கியதை அவர் பார்த்தார். உடம்பு மல்லாந்து விளிம்புக்குச் சரிந்தது. இரண்டு காலும் வெளியே போயின. கை தடுப்புக் கம்பில் மாட்டிக்கொள்ள, கம்பு வில்லாக வளைந்தது. கயிறு முறுகியது. விடவில்லை. கீழே நின்ற செண்பகவல்லி போட்ட சத்தத்தில் வண்டி மாடுகள் மிரண்டன. இரண்டு பேர் ஓடிப்போய் மாடனை அக்குளில் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

ஜப்பார் வண்டியிலிருந்து இறங்கினார். சாரத்தடிக்குப் போய், தடுப்புக் கம்பின் கயிற்றை அண்ணாந்து பார்த்தார். மாடன் இறங்கி வந்து முன்னால் நின்றான்.

“தப்பு என்னுதுதான் மொதலாளி.”

“ஒனக்குக் கால் வழுக்கிச்சி, அம்புட்டுதான். ஏணிய எடுத்து வைக்காமப் போனது நான்” என்றார். பிறகு ஆதித்தனைப் பார்த்தார். “அண்ணாச்சி, ஏறுன்னு ஈசியாச் சொல்லிட்டியரு. அவன் விழுந்திருந்தா இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லியிருப்பியரு?”

ஆதித்தன் செண்பகவல்லியைப் பார்த்தார். அவள் மாடனின் கையைப் பிடித்தவள் இன்னும் விடவில்லை. வேற ஆள் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

அன்று முதல், ஜப்பார் ஊரில் இல்லாத நாளில் ஏணி அவிழ்த்துப் பூட்டி வைக்கப்பட்டது. சாவி தங்கசாமியின் மடியில் இருந்தது. லாட்ஜ் ஆனி பிறந்து சில நாள் கழித்துத்தான் முடிந்தது. மெட்ராஸ்காரர்கள் ஈரச் சுண்ணாம்பு வாசத்தில் படுத்து எழுந்தார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

சாரம் பிரித்த அன்று செண்பகவல்லி ஜப்பாரிடம் வந்தாள்.

“மொதலாளி, அவுகளத் தாங்குன கம்பு எதுன்னு தங்கசாமி அண்ணாச்சி காட்டுனாவ. அத எனக்குத் தாங்க. வீட்டுல மஞ்ச தேச்சிப் பொட்டு வச்சிக் கும்புடணும்.”

ஜப்பார் கம்பை ஒரு தரம் பார்த்தார். வெடிப்பு இல்லை என்று தங்கசாமி தட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

“வேற என்ன வேணும்னாலும் கேளு தாயி. இதத் தர மாட்டேன். அடுத்த வேலை பாவூர்சத்திரத்துல. அங்க ஏறுதவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பால்லா?”

செண்பகவல்லி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கம்பைத் தானே தோளில் தூக்கிக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றினாள்.

“அண்ணாச்சி, கயிறு மட்டும் புதுசாப் போடுங்க” என்றாள் தங்கசாமியிடம்.