ஒரே பலகையில் ரெண்டு சிப்பாம்

ஏர்வாடியில் கல்யாண வீடியோ எடுக்கும் என் கூட்டாளி ரபீக்கின் கம்ப்யூட்டரில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது. போன வாரம் எடுத்த கல்யாணத்தின் மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை சவூதியில் தம்மாமுக்குக் கிளம்புகிறார். அதற்குள் டிவிடி தராவிட்டால் அந்தத் தெருவில் இனி ரபீக்கை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இன்று இருவரும் ராமநாதபுரம் கடைக்குப் போனோம். கடைக்காரர் மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இப்ப வாங்காதீக தம்பி. ரெண்டு மாசத்துல புது கார்டு வருது, ஒரே பலகையில ரெண்டு சிப்பு. சூடே ஆகாது. கம்பெனியிலருந்து படமே கசிஞ்சிருச்சு, பாருங்க."

ரபீக் வாயைப் பிளந்தான். "ஏலே, ரெண்டு மாசம் பொறுப்பமா?"

பொங்கலுக்கு இதே படத்தைத்தான் வேறொரு சிப்பு என்று எனக்குக் காட்டினார். இப்போது விசிறியின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது.

"ரெண்டு சிப்புன்னா சூடும் ரெண்டு பங்குல்லண்ணே? அது கெடக்கட்டும். இப்ப கடையில கார்டு ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா."

இருந்திருந்தால் அந்த ரெண்டாவது சிப்பு பிறந்தே இருக்காது.

திரும்பி வந்து பழைய கார்டைக் கழற்றினோம். உப்புக்காற்றில், செருகும் முனையிலுள்ள அதன் செம்புப் பற்கள் பச்சை பூத்திருந்தன. ரபீக் தங்கச்சியின் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகினேன். திரையில் மாப்பிள்ளை சிரித்தார்.

சிப்பு வரைகிறவர்கள் யாரும் கடற்கரையில் குடியிருப்பதில்லை போலிருக்கிறது. உப்புக்காற்றைத் தாங்குகிற சிப்பின் படம் எங்காவது கசிந்திருந்தால் அனுப்புங்கள். விசிறி எந்த நிறமானாலும் பரவாயில்லை.